வாசகர் கேள்வி: வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் விலங்கியல் பிஎச்.டி. செய்யும் ஒரு பெண் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். வயது 28. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி, இப்போது அதன் அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆகியிருக்கிறார். மாதம் 42,000 ரூபாய், அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்பாவுக்குத் தையல் கடை. ஜீப்ரா மீனின் வால் துடுப்பை வெட்டினால் அது எப்படித் திரும்ப வளர்கிறது, பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் அந்த வளர்ச்சி எங்கே நின்றுபோகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. வருகிற செப்டம்பரில் ஸ்பெயினில் நடக்கும் மாநாட்டில் பேச அவருடைய ஆய்வுச் சுருக்கம் தேர்வாகிவிட்டது. அதைப் பார்த்த ஜெர்மன் பேராசிரியர் ஒருவர், "மாநாடு முடிந்ததும் எங்கள் ஆய்வகத்தில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் செய்யுங்கள், மைக்ரோஸ்கோப் பழகிக்கொள்ளலாம்" என்று அழைத்திருக்கிறார். சம்பளம் கிடையாது.

ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு சொன்னது: "காசு இருந்தா போயிட்டு வாம்மா, காலேஜ்ல ஃபண்டு இல்ல." அம்மா சொன்னது: "எட்டு பவுன் சும்மாதான இருக்கு, வச்சிக்கோ." நண்பர்கள் சொன்னது: "மாநாட்டு விசாவில் போய் அப்படியே ஜெர்மனியில் தங்கிவிடு." இதற்கு நடுவே துபாயில் இன்னொரு மாநாட்டிலிருந்து, அமர்வுக்கே தலைமை தாங்கக் கூப்பிட்டு மெயில் வந்திருக்கிறது, மூன்று நாளில் பணம் கட்டினால் தள்ளுபடியாம். "மேடம், பயண நிதியெல்லாம் ஐஐடி, ஐஐஎஸ்சி பிள்ளைகளுக்குத்தானே? நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

நகையைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இப்போது வைக்க வேண்டாம். எப்போதுமே கூடாது என்று சொல்லவில்லை, அதற்கென்று ஒரு கட்டம் வரலாம், கடைசியில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதில் எந்த இடத்திலும் "விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை" என்ற வரி இல்லை. கைடு இல்லை என்றார், நண்பர்கள் கஷ்டம் என்றார்கள், அதோடு நீங்கள் நேராக அடகுக்கடை வாசலுக்கு வந்துவிட்டீர்கள். மாநாட்டுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இந்த விஷயத்தில் ஆறு மாதம் பெரிய சொத்து.

பெரிய நிறுவனத்துப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும் என்ற எண்ணத்தையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பயண நிதி விண்ணப்பங்களைப் படிக்கும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். அங்கே பெரிய பெயர்கள் அதிகம் தெரிவது உண்மை, ஏனென்றால் அங்கிருந்துதான் அதிகம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்குப் படிவம் எது, கடைசித் தேதி எது, யாரிடம் கையெழுத்து என்று சொல்லித்தர சீனியர்கள் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து வரும் விண்ணப்பம் குறைவு, வருவதும் கடைசி நாளில், முதல்வர் கையெழுத்து இல்லாமல் வரும். நல்ல ஆய்வு ஒன்று அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளப்படுவதைப் பார்க்கும்போது மனசு ஆறாது.

எங்கே, எந்த வரிசையில் கேட்பது

முதலில் மாநாடு நடத்துபவர்களிடமே கேளுங்கள். பெரும்பாலான அறிவியல் சங்கங்கள் மாணவர்களுக்கென்று கொஞ்சம் உதவித்தொகை ஒதுக்குகின்றன. கட்டணத் தள்ளுபடியோ, தன்னார்வலர் வேலைக்குப் பதிலாகக் கட்டண விலக்கோ, தங்குமிடமோ கிடைக்கலாம். இதற்கான கடைசித் தேதி பதிவுத் தேதிக்கு வெகுநாள் முன்னாலேயே முடிந்துவிடுவது வழக்கம், அதனால் இன்றைக்கே பாருங்கள். முடிந்திருந்தாலும் அமைப்பாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். வேறு யாராவது வரமுடியாமல் போய் மிஞ்சும் பணம் இப்படிக் கேட்டவருக்குத்தான் போகும்.

அடுத்தது மத்திய அரசு. செர்ப் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2023 சட்டத்தின் கீழ் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோடு சேர்ந்துவிட்டது. செர்ப் நடத்திவந்த சர்வதேசப் பயண உதவித் திட்டம், 35 வயதுக்குட்பட்ட, நிரந்தர வேலை இல்லாத உங்களைப் போன்றவர்களையும் மனதில் வைத்துப் போடப்பட்டதுதான். குறுகிய வழியில் எகானமி விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாச் செலவு ஆகியவற்றைத் தருவார்கள், தங்குவதும் சாப்பாடும் நம் பாடு. அறிவியல் ஆய்வுக்கான சி.எஸ்.ஐ.ஆர்., மருத்துவ ஆய்வுக்கான ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகிய இடங்களிலும் பயண உதவி உண்டு. விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் சீனியர் அனுப்பும் பழைய பிடிஎஃப்-ஐ நம்பாமல் தளத்தில் இருக்கும் இன்றைய அறிவிப்பைப் படியுங்கள்.

இவை எல்லாம் ஸ்பெயினுக்கு. ஜெர்மனிக்கு வேறு கதவுகள். பலர் இரண்டையும் ஒன்றாக்கி, ஆய்வகத்தில் தங்குவதற்கு மாநாட்டுப் படிவத்தை நிரப்பி நிராகரிப்பு வாங்குகிறார்கள். எம்போ என்ற ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு, இன்னொரு நாட்டு ஆய்வகத்தில் மூன்று மாதம் வரை வேலை செய்ய அறிவியல் பரிமாற்ற நிதி தருகிறது. 2016 முதல் இந்தியா அதற்கு நிதி தரும் நாடுகளின் கூட்டமைப்பில் இணை உறுப்பு நாடாக இருப்பதால் இந்தியாவில் ஆய்வு செய்பவர்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. 'டெவலப்மெண்ட்' என்ற வளர்ச்சி உயிரியல் இதழை வெளியிடும் கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ், பிஎச்.டி. மாணவர்கள் வேறொரு ஆய்வகத்துக்குப் போய் வேலை செய்ய 3,000 பவுண்டு வரை பயண ஃபெலோஷிப் தருகிறது, உங்கள் துடுப்பு ஆய்வு அவர்கள் வீட்டுப் பொருள் மாதிரிதான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டும் ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வைத்திருக்கிறது, ஆனால் அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும், செப்டம்பருக்குப் பிந்திவிடலாம்.

"இரண்டு மூன்று இடத்தில் கேட்டால் தப்பில்லையா?" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஒவ்வொரு படிவத்திலும் மற்ற இடங்களில் கேட்டிருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். தப்பு எதுவென்றால், ஒரே விமான டிக்கெட்டை இரண்டு பேரிடம் காட்டிப் பணம் வாங்குவது. அது மோசடி, பிஎச்.டி.யே போய்விடும். டிக்கெட் ஒருவர், பதிவு ஒருவர், தங்குவது ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

நீங்கள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஃபெலோஷிப்பில் இருப்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பயணச் செலவுக்கான உதவி வேறு, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கு வரும் இன்னொரு ஃபெலோஷிப் வேறு. இரண்டாவது வகை வந்தால் ஒரே நேரத்தில் இரண்டும் வாங்க முடியாது. மூன்று மாதம் வெளிநாட்டில் இருக்கும்போது எஸ்.ஆர்.எஃப். தொடருமா, அந்தக் காலம் எந்த விடுப்பில் சேரும் என்பதைக் கிளம்பும் முன் கல்லூரி வழியாக எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்பது திரும்பி வந்தபிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விசாவில் விளையாட வேண்டாம்

நண்பர்கள் சொன்னதை தயவுசெய்து செய்யாதீர்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான் இருக்கலாம், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் 6 இறங்கி, மாநாடு முடித்து, ஜெர்மனி போய், டிசம்பர் 14 கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் 100 நாள் வருகிறது. பத்து நாள் அதிகம் தங்கியவர் என்ற பதிவு விழுந்தால், பிற்பாடு பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கு (போஸ்ட்டாக்) போகும் வயதில் அது ஒவ்வொரு விசாப் படிவத்திலும் வந்து நிற்கும். தவிர, மாநாடு என்று சொல்லி விசா வாங்கி ஆய்வகத்தில் போய் உட்காருவது நோக்கத்தையே மறைப்பது.

ஒழுங்கான வழி இரண்டு. ஒன்று, ஆய்வகக் காலத்தைச் சுருக்கி எல்லாம் சேர்ந்து 90 நாளுக்குள் வருமாறு பார்த்து, இரண்டு நோக்கத்தையும் விண்ணப்பத்தில் வெளிப்படையாகச் சொல்வது. இல்லையென்றால், 90 நாளுக்கு மேல் தங்குவதற்கான ஜெர்மனியின் தேசிய விசா வாங்குவது. அந்த விசா கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் குறுகிய காலம் போய்வரலாம் என்பதால் ஸ்பெயின் மாநாடும் அதிலேயே முடியும். எதுவானாலும், அழைப்புக் கடிதத்தில் உங்களை 'இன்டர்ன்' என்று எழுதுவதா, 'வருகைதரும் முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று எழுதுவதா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் என்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை அனுமதிக் கேள்விகள் கிளம்பும். அந்த அலுவலகத்துக்கு இது அன்றாட வேலை, சரியான வார்த்தையை அவர்களே போட்டுத் தருவார்கள்.

யாரும் தானாகச் சொல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் அறிவியல் மாநாட்டுக்கோ ஆய்வுக்கோ போகும் ஆய்வாளர்களுக்கு அந்தக் கட்டணத்தில் விலக்கு உண்டு என்று ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மாநாட்டு அழைப்பையும் கல்லூரிச் சான்றையும் வைத்து, விண்ணப்பத்தோடு அரைப்பக்கக் கடிதத்தில் விலக்குக் கேளுங்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டத்தான் வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

துபாய் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள்

உங்கள் மெயிலில் அவர்கள் எழுதியதை ஒட்டியிருந்தீர்கள்: "மதிப்புக்குரிய டாக்டர்", "உங்கள் சிறப்பான பங்களிப்பு". நீங்கள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. அந்த மாநாட்டில் கால்நடை, நானோ, செவிலியம், வானியல் எல்லாம் ஒரே ஹோட்டலில் இரண்டு நாளில் நடக்கிறது. படிக்காமலே ஏற்றுக்கொள்ளும் மாநாடு உங்கள் வேலையைப் படித்திருக்க வழியில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2019இல் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. சம்மதம் தராத விஞ்ஞானிகளின் பெயரைப் போட்டு மாநாடுகளை விளம்பரம் செய்தது அந்த வழக்கில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. ஆகவே எந்த மாநாட்டுக்கும் பணம் கட்டும் முன், பேச்சாளர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு "நீங்கள் உண்மையிலேயே வருகிறீர்களா?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

நீங்கள் இணைத்திருந்த வரைவில் முதல் வரி இப்படி இருக்கிறது: "இம்மாநாட்டில் கலந்துகொள்வதன் மூலம் எனது அறிவு விரிவடைவதோடு புகழ்பெற்ற விஞ்ஞானிகளைச் சந்திக்கும் அரிய வாய்ப்பும் கிடைக்கும்." இந்த வரியை யார் வேண்டுமானாலும் எந்த மாநாட்டுக்கும் எழுதலாம், நாங்கள் தாண்டிப் போய்விடுவோம். உங்கள் நான்காவது பத்தியில் ஒளிந்துகிடக்கும் விஷயம்தான் தங்கம். வெட்டிய துடுப்பை 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் உங்களால் படம் எடுக்க முடிகிறது, பூச்சிமருந்துத் தண்ணீரில் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஏதோ நடந்து வளர்ச்சி நிற்கிறது, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஜெர்மன் ஆய்வகத்தில் லைட்ஷீட் மைக்ரோஸ்கோப் இருக்கிறது, உயிரோடு இருக்கும் மீனை ஒளியால் அதிகம் சுடாமல் மணிக்கணக்கில் தொடர்ந்து படம் பிடிக்கலாம். அங்கே அந்த 12 மணி நேரத்தை நிரப்பிக்கொண்டு வருவீர்கள், அது உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமாகும்.

இதை முதல் பத்தியில் வையுங்கள். பிறகு என்ன கொண்டுபோகிறீர்கள், எத்தனை வாரத்தில் எதை முடிப்பீர்கள், திரும்பி வந்து கல்லூரியில் யாருக்குச் சொல்லித்தருவீர்கள். அப்பாவின் தையல் கடையைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வருமானம் கேட்கும் படிவத்தில் எழுதுங்கள், கூச்சமே வேண்டாம். ஆய்வைப் பற்றிக் கேட்கும் பக்கத்தில் ஆய்வு மட்டும் போதும்.

கைடு விஷயம்

சட்டப்படி கைடு உங்களை வெளிநாடு அனுப்பக் கடமைப்பட்டவர் இல்லை. பயண நிதி உரிமையும் இல்லை, போட்டியில் வாங்குவது. அவர் சொன்னதில் வருத்தம் இருக்கலாம், ஆனால் நீங்கள் அவரிடம் பணம் கேட்டீர்கள், அவர் பணம் இல்லை என்றார், அவ்வளவுதான். இனிமேல் பணம் கேட்காதீர்கள், கையெழுத்தும் பரிந்துரையும் கேளுங்கள். "சார், இந்த மூன்று இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன், கல்லூரி வழியாக அனுப்ப வேண்டும், கடிதத்தை நானே டைப் செய்து கொண்டுவந்திருக்கிறேன்" என்று போய் நின்றால் பெரும்பாலானவர்கள் போட்டுவிடுவார்கள். பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஆய்வு மாணவர்களுக்குப் பயண உதவி இருக்கிறதா என்றும் ஒரு நடை போய் விசாரியுங்கள், கல்லூரியில் இல்லை என்றால் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்று அர்த்தமில்லை.

காரணமே இல்லாமல் விண்ணப்பத்தை அனுப்ப மறுத்தால் மட்டும், யுஜிசியின் 2023 விதிகளின்படி கல்லூரியில் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுதலாம். பயண நிதி எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரோடு இதை முதல் அடியாக வைக்காதீர்கள்.

இனி நகை

ஸ்பெயினுக்குப் பதிவு, டிக்கெட், தங்கல் எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஜெர்மனிக்குக் கணக்கே போடவில்லை. அங்கே படிக்கப்போகும் மாணவருக்கு மாதம் 992 யூரோ வேண்டும் என்பது அந்த அரசு விசாவுக்கு வைத்திருக்கும் அளவு. மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 3,000 யூரோ, நம் பணத்தில் 3 லட்சத்தை ஒட்டி வரும். இதை எட்டு பவுனில் சமாளிக்கப் பார்ப்பது உங்களையும் அம்மாவையும் வருஷக்கணக்கில் வட்டியில் தள்ளும். ஆய்வகத் தங்கலுக்கு எம்போ மாதிரியோ ஃபெலோஷிப் மாதிரியோ வெளிநிதி வந்தால் மட்டும் போங்கள். அந்தப் பேராசிரியரிடமும் தயங்காமல் கேளுங்கள்: விருந்தினர் அறை கிடைக்குமா, அவருடைய திட்டத்தில் வருகையாளர் செலவுக்கு இடம் இருக்கிறதா, தொடக்கத்தை ஜனவரிக்குத் தள்ளலாமா. அழைத்தவரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அவர்களும் இதை எதிர்பார்ப்பார்கள்.

நகைக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. அரசுப் பயண நிதி பெரும்பாலும் திரும்பி வந்தபிறகு, ரசீது, போர்டிங் பாஸ், பங்கேற்புச் சான்று எல்லாம் கொடுத்தபிறகுதான் கைக்கு வரும். அதுவரை யாராவது முன்பணம் போட வேண்டும். நிதி தருவதாக அனுமதிக் கடிதம் உங்கள் பெயரில் வந்துவிட்ட பிறகு, அதில் எழுதியிருக்கும் தொகைக்கு மட்டும், தேசிய வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைக்கலாம், தெருமுனை அடகுக்கடையில் வேண்டாம். அதற்கும் முன்னால், கல்லூரியில் முன்பணம் கிடைக்குமா என்று முதல்வரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். டிக்கெட் எடுக்கும்போது கவனம்: மத்திய அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பொதுவாக பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். கடிதத்தில் அப்படி இருந்துவிட்டு நீங்கள் மலிவாக வேறு தளத்தில் எடுத்தால், முழுப் பணமும் நிற்கும். போர்டிங் பாஸை விமானத்திலிருந்து இறங்கியதுமே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள், அந்தத் தாள் மை சீக்கிரம் மங்கிவிடும்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால் நான் ஜெர்மனியைத்தான் சொல்வேன். பன்னிரண்டு நிமிடப் பேச்சு நல்லதுதான், ஆனால் ஒரு மைக்ரோஸ்கோப்பின் முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து கைப்பழக்கம் வருவது உங்கள் துடுப்புக் கேள்விக்குப் பதிலையே கொண்டுவரும், கல்லூரியில் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தரலாம். மாநாட்டின் பதிவுக் கட்டணத்தை எந்தத் தேதி வரை ரத்து செய்தால் திரும்பத் தருவார்கள் என்று இப்போதே பார்த்து நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். அந்தத் தேதிக்குள் ஒரு அனுமதிக் கடிதமும் வரவில்லையென்றால், அமைப்பாளருக்கு எழுதி ஆன்லைனில் பேச முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் விலகிக்கொள்ளுங்கள். சுருக்கம் தேர்வான கடிதம் உங்களிடம் இருக்கிறது, அடுத்த வருட விண்ணப்பத்தில் அதை வைக்கலாம்.